எக்ஸ்ரேயில் வெளுத்ததெல்லாம் டிபி அல்ல
(முக்கூடல் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, பேரூராட்சிப் பெருமக்களே, பந்தலும் நாற்காலியும் தந்த வணிகர் சங்கத்து அண்ணாச்சிமார்களே, பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தமிழாசிரியர் ஐயா என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்டார். அந்தத் தமிழுக்கு முழுவதையும் தந்திருக்கலாம்.

நோயைச் சந்தேகிப்பது, உறுதிசெய்வது, மருந்து என மூன்றைப் பற்றிப் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

வெளுத்ததெல்லாம் பாலல்ல. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய் ஒன்று, காரணம் இன்னதென்று பிடிபடாமலே வருகிறது. ஐ.பி.எஃப். என்பார்கள். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்களுக்கு. புகைபிடித்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

குறுக்குத்துறையில் குளிக்கிற அண்ணாச்சி ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் படிக்கட்டிலேயே காலத்தைக் கழித்த மனுஷன், ஆற்றுப் படி நாலு ஏறினால் நின்றுவிடுகிறார். வறட்டு இருமல் வேறு. “வயசாயிட்டுல்லா டாக்டர், அதான் எளைக்கு” என்கிறார். ஏற்கெனவே ஓரிடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்து, சளியில் கிருமி இல்லாதபோதும், ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்திருந்தார்கள். கோர்ஸ் முடிந்தது, இருமல் முடியவில்லை. சட்டையைக் கழற்றுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அங்கிருந்து நேரே கல்யாண வீட்டுக்குப் போக வேண்டுமாம், இஸ்திரி கலைந்துவிடுமாம். வீட்டம்மா முறைத்த பிறகுதான் கழற்றினார். முதுகின் அடிப்பக்கம் ஸ்டெத்தை வைத்தேன். கூட வந்த பேரன் தனக்கும் வேண்டுமென்று ஒரே அடம். கொடுத்தேன். கேட்டுவிட்டுக் கத்தினான்: “ஆச்சி, தாத்தா முதுகுக்குள்ள யாரோ செருப்பு கழட்டுதாங்க!” (சிரிப்பு)

அவன் போட்டிருந்தது ஒட்டுப்பட்டைச் செருப்பு. அந்த வெல்க்ரோ பிரிகிற சத்தம்தான். மருத்துவப் புத்தகத்திலும் அந்தப் பெயர்தான். சட்டைக்கு மேலே, நெஞ்சில் மட்டும் வைத்துப் பார்த்தால் அது எங்கே கேட்கும்? விரல் நுனிகளும் பருத்து நகம் வளைந்திருந்தது.

அதற்காக உடனே ஐ.பி.எஃப். என்று முத்திரை குத்தக் கூடாது. வெளுத்ததெல்லாம் பாலல்ல. மூட்டுவாதம், வீட்டில் அடையும் புறா, குவாரித் தூசி, இதயத்துக்குச் சாப்பிடும் அமியோடரோன் எல்லாவற்றையும் விசாரித்துத் தள்ள வேண்டும். 2017இல் வந்த இந்தியப் பதிவேட்டில், நுரையீரல் திசு நோயாளிகள் 1,084 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது ஒவ்வாமையால் வந்த அழற்சி. பிறகு நுரையீரலை நுணுக்கமாகக் காட்டுகிற ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன். நுரையீரலின் அடியில், ஓரமாகத் தேன்கூட்டு ஓட்டைகள் தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நுரையீரல் மருத்துவரும் ஸ்கேன் பார்க்கும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு சொல்ல வேண்டும்.

சரி, ஸ்கேனுக்குப் பாளையங்கோட்டை போகலாம். மூச்சின் அளவை ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரிக்குமா பஸ் ஏற வேண்டும்? தலைவர் சிரிக்கிறார், எந்த மேடையிலும் நான் இதில்தான் வந்து நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் அந்தக் கருவி வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஐ.பி.எஃப்.க்குத் தருகிற பிர்பெனிடோன், நின்டெடானிப் மருந்துகள் விழுந்த தழும்பை அழிக்காது, மேலே பரவுவதைத்தான் மெதுவாக்கும். பிந்திக் கண்டுபிடித்து என்ன பயன்?

மணி அடித்துவிட்டார்கள், மருந்தைப் பற்றி இன்னொரு நாள். இதைக் கேட்டுவிட்டு யாரும் டிபி மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்பைரோமெட்ரி கருவி கேட்கிற மனு டீ மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள், கைநாட்டும் செல்லும்.