டிராவில் முடிந்த ஆட்டத்துக்கு மறுநாள்

வணக்கம் நேயர்களே.

1927 ஜனவரி 22 அன்று, லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல், ஷெஃபீல்டு யுனைடெட் அணிகள் ஆடிய கால்பந்தாட்டத்தை பிபிசி நேரடியாக ஒலிபரப்பியது. பந்து இப்போது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது? மைதானத்தை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, எண் போட்ட படம் ஒன்றை ரேடியோ டைம்ஸ் இதழில் அச்சிட்டார்கள். ஒருவர் வர்ணனை சொல்ல, இன்னொருவர் நடுநடுவே கட்டத்தின் எண்ணைச் சொன்னார். விளையாட்டு பாட்காஸ்ட்டுக்கு விருது என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டங்கள்தான் நினைவுக்கு வரும். கேட்பவர்மேல் அவ்வளவு அக்கறை!

விருதுகளுக்கு இப்போது குறைவில்லை. 2020இல் அமெரிக்காவின் இதழியல் விருதான புலிட்சர் பரிசில் ஒலி இதழியலுக்குத் தனிப் பிரிவு வந்தது. பாட்காஸ்ட்டுகளுக்கென்றே அம்பீஸ் விருதுகள் 2021இல் தொடங்கின. சரி, சிறந்த விளையாட்டு பாட்காஸ்ட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

டவுன்லோடு எண்ணிக்கையை வைத்து வேண்டாம் என்பேன். 2023இல் ஆப்பிள், ஐபோனை இயக்கும் தன் ஐஓஎஸ் 17 மென்பொருளில், கேட்காமல் கிடக்கும் நிகழ்ச்சிகள் தானாக இறங்குவதைக் கட்டுப்படுத்தியது. பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. இறங்கியதெல்லாம் யாரோ ஒருவர் காதில் விழுந்தது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

பெரிய பெயரை வைத்தும் வேண்டாம். முன்னாள் வீரர் மைக் முன்னால் உட்கார்ந்தால் கூட்டம் சேரும். உடைமாற்றும் அறைக்குள் நடந்ததை அவரைப் போல யாரால் சொல்ல முடியும்? அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய நண்பனிடம் சங்கடமான கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வருமா? அங்கேதான் செய்தியாளர் தேவைப்படுகிறார்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பெயரில் பல ஆண்டுகள் சிறுமிகளிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர். 2018இல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். அதே ஆண்டு மிஷிகன் ரேடியோவும் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆரும் சேர்ந்து வெளியிட்ட 'பிலீவ்டு' என்ற தொடர், முன்பே புகார் சொன்ன பெண்களை விட்டுவிட்டு எல்லோரும் நாசரையே ஏன் நம்பினார்கள் என்று தேடிப் போனது. வானொலி, தொலைக்காட்சிப் படைப்புகளுக்குத் தரும் பீபடி விருது அதற்குக் கிடைத்தது. பதக்கப் பட்டியலை ஒப்பிக்காமலேயே விளையாட்டைப் பற்றி இவ்வளவு சொல்லலாம் என்று எனக்குக் காட்டியது அந்தத் தொடர்தான். குரல் உடையும் இடத்தில் இசையை வைத்து மூடாமல் மௌனத்தை அப்படியே விட ஒரு எடிட்டருக்குத் துணிச்சல் வேண்டும். விருது மேடையில் அவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

அப்புறம், விருதுக்குத் தேர்வு செய்யும் நடுவர்களிடம் ஒரு வேண்டுகோள். போட்டிக்கு அனுப்பும்போது எல்லோரும் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மறுநாள் பதிவு செய்ததைத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு ஆட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, கோலே விழாமல் டிராவில் முடிந்த ஏதோ ஓர் ஆட்டத்துக்கு மறுநாள் அவர்கள் என்ன பேசினார்கள் என்பதையும் கேட்டு வாங்கி, முழுசாகக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.