கோழி கிளறும் மண்

நேயர்களுக்கு வணக்கம். பண்ணை முட்டையைவிட, முற்றத்தில் கிளறித் திரியும் கோழியின் முட்டை உசத்தி என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய பேர். கூடுதல் விலை சொன்னாலும் வாங்குவோம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அந்தக் கோழி எந்த மண்ணைக் கிளறுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸில் கேட்க வேண்டிய நிலை வந்தது. அங்கே கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்கள் மட்டும் சுமார் 1300. காரீயமும் துத்தநாகமும் எடுத்த இடங்கள். காரீயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நினைத்துவிட வேண்டாம். அது வெள்ளீயம், வேறு உலோகம். நான் சொல்வது கார் பேட்டரிக்குள் இருக்கும் நச்சு.

அந்தச் சுரங்கங்களில் வேலை நின்று பல தலைமுறை ஆகிவிட்டது. தோண்டிக் கொட்டிய கழிவு மேடுகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. மழை பெய்தால் அவற்றிலுள்ள காரீயம் கரைந்து இஸ்த்வித், ரைடோல் போன்ற ஆறுகளில் இறங்குகிறது. வெள்ளம் வந்தால் வண்டலோடு வண்டலாக வயலில் படிகிறது. 2012 ஜூன் மாதம் அங்குள்ள அபெரிஸ்த்வித் என்ற ஊர்ப் பக்கம் பெரிய வெள்ளம். அதில் நனைந்த புல்லைப் பதப்படுத்தித் தீவனமாகப் போட, மாடுகள் நஞ்சேறிச் செத்தன.

மாடு செத்தால் தெரிந்துவிடும். கோழி விஷயம் அப்படியில்லை. அது கொழுகொழுவென்று நடமாடும், முட்டையும் இடும்.

கோழிக்குப் பல் கிடையாது. இரையை அரைக்கச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்குகிறது. புழுவோடு மண்ணும் சேர்ந்து உள்ளே போகிறது. வயிற்று அமிலத்தில் காரீயம் கரைந்து ரத்தத்துக்கு வருகிறது. உடம்போ அதைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீவனத்தில் கிடைப்பது போதாதபோது எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்போது பதுங்கியிருந்த காரீயமும் கூடவே கிளம்பிவிடும். ஓட்டோடு போனால் குப்பைக்குத்தான் போகும், பரவாயில்லை. மஞ்சள் கருவிலும் அல்லவா சேர்கிறது! வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது.

அந்த ஆறுகள் ஓடும் பகுதியின் சிறு பண்ணைகளில் முட்டைகளைச் சோதித்தவர்கள், தினம் ஒன்றிரண்டு சாப்பிடும் குழந்தையின் அறிவு வளர்ச்சியே பாதிக்கப்படலாம் என்று கண்டார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் 4, 5 மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சும். இரும்புச்சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் மோசம். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் சொல்லவில்லை.

சுரங்கம் இல்லாத ஊருக்கும் இது பொருந்தும். சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்கோழி முட்டையில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு காரீயம் இருந்தது. காரீயம் கலந்த பழைய வீட்டுப் பெயின்ட்டும் அந்தக்கால பெட்ரோல் புகையும் தோட்ட மண்ணில் விட்டுச்சென்றது அது.

அதற்காகக் கோழியைக் கூண்டில் அடைக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். காரீயம் இருந்தால், கோழி நடமாடும் இடத்தில் சிமென்ட் தளம் போடலாம், அல்லது வேறிடத்திலிருந்து நல்ல மண்ணைக் கொண்டுவந்து கனமாகப் பரப்பலாம். இரையைத் தரையில் இறைக்காமல் தட்டில் வைக்கலாம். முட்டை ஓட்டை நொறுக்கி அதே கோழிக்குப் போடும் பழக்கம் உண்டல்லவா, அதை நிறுத்திவிடுவது நல்லது.

அப்புறம் ஒன்று. இடம் மாற்றிய மறுநாளே முட்டை சுத்தமாகிவிடாது. எலும்பில் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியேறும். அதனால் சில வாரம் கழித்து முட்டையையே ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வணக்கம்.