குடல் அழற்சியோடு வாழும் பெண்களுக்கு வீடு செய்யக்கூடியது

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மலத்தில் ரத்தம் போனால் அது மூலம்தான் என்று நம் பக்கத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மூலம் இல்லையென்றால் உடம்புச் சூடு. அது குடலில் புண் உண்டாக்கும் குடல் அழற்சி நோயாகவும் இருக்கலாம். குடல் நோய் மருத்துவராக நான் பார்த்த பெண்களில் பலர், துத்தி இலையையும் கருணைக்கிழங்கையும் மாதக்கணக்கில் உண்டு பார்த்த பிறகே மருத்துவமனைக்கு வந்தவர்கள். இதற்கு அறியாமையைக் காரணம் சொல்லிவிடலாம். ஆனால் புகுந்த வீட்டில் மலத்தைப் பற்றி வாய்விட்டுப் பேச முடியாத கூச்சமே அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். ஆசனவாய்க்கு அருகில் பௌத்திரம் வந்து சீழ் வடிந்தாலும், அதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள்.

குடல் அழற்சி நோய் இரண்டு வகைப்படும். அல்சரேட்டிவ் கொலைடிஸ் பெருங்குடலின் உட்சுவரில் புண்ணை உண்டாக்குகிறது. 1932-இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட க்ரோன் நோய், வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். குடலின் முழுக் கனத்தையும் தாக்கிச் சில இடங்களைச் சுருங்கச் செய்துவிடும். நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன் நோயைப் போலவே தோற்றமளிப்பதால், பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் செய்த பிறகும் மருத்துவர் சில காலம் தயங்க நேரலாம். அந்தத் தயக்கத்தைத் திறமைக் குறைவு என்று எண்ணி ஊர் ஊராக மருத்துவரை மாற்றுவதால் நோயாளிக்குத்தான் நஷ்டம்.

பெரும்பாலும் 15 வயதிலிருந்து 35 வயதுக்குள் தொடங்குவதால், பெண்ணின் படிப்பு, திருமணம், பிள்ளைப்பேறு ஆகிய மூன்றின் மீதும் இந்த நோய் விழுகிறது. சரியான மருந்தால் நோய் பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கும். ஆனால் அடங்கியிருக்கும் காலத்தில்தான், 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய், இன்னும் எதற்கு மாத்திரை?' என்று வீட்டார் கேட்கிறார்கள். மருந்து வேலை செய்வதால்தான் அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை அவளைவிட அவளைச் சுற்றியிருப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வி மிகுந்த தீங்கு செய்வது கர்ப்ப காலத்தில். கரு தங்கியதும் குழந்தைக்கு ஆகாது என்று பயந்து எல்லா மருந்தையும் நிறுத்தச் சொல்லும் பாட்டிமார்களின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆயினும் குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும், மருந்தைவிடக் கட்டுக்குள் இல்லாத நோயே பெரும்பாலும் காரணமாகிறது. இந்த நோய்க்குத் தரப்படும் மெசலமைனும் அசதயோபிரினும் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் பொதுவாகத் தொடரக்கூடியவை. சல்ஃபாசலசின் எடுப்பவர்களுக்குக் கூடுதலாக ஃபோலிக் அமிலம் தேவை. ஆனால் மெத்தோட்ரெக்சேட் கருவுக்குக் கட்டாயம் ஆகாது என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நோய் 3 முதல் 6 மாதங்கள் அடங்கியிருந்த பிறகு கருத்தரிப்பது நல்லது. அந்த நிலையில், பெரிய அறுவை சிகிச்சை ஏதும் செய்துகொள்ளாத பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மற்றப் பெண்களுக்கு உள்ளதைப் போலவே இருக்கும். இன்ஃபிளிக்சிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகளைக் கர்ப்பத்தின் பிற்பகுதியில் எடுத்திருந்தால், பிரசவ அறையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் போடும், காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியை அந்தக் குழந்தைக்கு மட்டும் பல மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

மாதவிடாய் நாட்களில் வயிற்றுப்போக்கும் வலியும் கூடுவது இவர்களில் பலருக்கு உண்டு. அப்போது மருந்துக் கடையில் கேட்டதும் கொடுக்கும் மெஃபனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அடங்கிய நோயைக் கிளப்பிவிடக்கூடும். பாரசிட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானது.

உணவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் கீரைத்தண்டு, தோலோடு கூடிய பயறு, முந்திரி, பண்ருட்டிப் பலாவின் சக்கை ஆகியவற்றைத் தவிர்ப்பது நியாயமே. குடல் சுருங்கியவர்கள் நாரில் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் அந்தச் சில நாட்களுக்கான பத்தியத்தை வருடக்கணக்கில் நீட்டி, ரசம் சோறும் இட்லியுமாகவே ஒரு பெண்ணை வைத்திருப்பது அவளை மெலிய வைக்கிறது. நோய் அடங்கியதும் மீனும் முட்டையும் தயிரும், ஒத்துக்கொள்ளும் பழங்களும் காய்களும் ஒவ்வொன்றாகத் தட்டுக்குத் திரும்ப வேண்டும். குடலில் ரத்தம் கசிவதோடு மாதவிடாய் இழப்பும் சேர்வதால் இவர்களிடம் ரத்தசோகை மிகுதி. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதை நரம்பு வழியாக ஏற்றலாம். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் எலும்புக்காகக் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வேலையிடம் வேறொரு சிக்கல். கடைகளில் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது, நல்லதுதான். ஆனால் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு நோய் கிளம்பிய நாளில் இருக்கையைவிடக் கழிப்பறை அவசரமானது, அதுவும் மேற்பார்வையாளரிடம் காரணம் விளக்காமல் போய்வரக்கூடிய கழிப்பறை. பேருந்தில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருவதற்கே அஞ்சி, முதல் நாள் இரவு முதல் பட்டினி கிடந்து மருத்துவமனைக்கு வரும் பெண்களும் உண்டு. இந்த அச்சம் மனச்சோர்வாக முற்றும்போது, 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது, கணவரோ தாயோ வெளியே பெஞ்சில் காத்திருக்காமல், அவருக்குச் சம்மதமானால் உடன் உள்ளே வரட்டும். நோய் இப்போது அடங்கியிருக்கிறதா, எந்த மாத்திரையை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்ற மூன்றையும் அவர்களே மருத்துவரிடம் கேட்டுச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொள்ளட்டும்.

நன்றி, வணக்கம்.