தவறியவருக்கு மனவிடுதலை தருவது சீர்செய்வதே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிறு மாலையில் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தவறு செய்தவருக்கு மனவிடுதலை தருவது மன்னிப்பைப் பெறுவதா, செய்ததைச் சீர்செய்வதா? சீர்செய்வதே என்கிறோம் நாங்கள். எதிரணித் தலைவி உருக்கமாகக் கேட்டார்: "போகட்டும் விடுடா என்று அக்கா சொல்லும்வரை தம்பிக்குத் தூக்கம் ஏது?" சரி, அந்தத் தம்பியையே எடுத்துக்கொள்வோம். மருத்துவச் செலவு என்று பொய் சொல்லி அக்காவிடம் 8,000 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிச் சூதாட்டக்கூடத்தில் விட்டவன் என்றே வைத்துக்கொள்வோம்.

எதிரணி சொல்லும் வழியில் அவன் அக்கா வீட்டுக்குப் போவான். "நான் பாவிக்கா" என்று அழுவான். பணத்தைப் பறிகொடுத்தவள் தேநீர் போட்டுக்கொடுத்து, பறித்தவனுக்கு ஆறுதல் சொல்வாள்! மன்னிப்பும் கிடைத்துவிடும். ஆனால் கடன் அப்படியே இருக்கிறது, பழக்கமும் அப்படியே இருக்கிறது. பிறகு தூக்கம் எப்படி வரும்?

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் லெவிக்கி குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, மன்னிப்புக் கேட்பதன் ஆறு கூறுகளை 755 பேரிடம் வைத்துச் சோதித்தது. முதலிடம், பொறுப்பை ஏற்பதற்கு. இரண்டாமிடம், சீர்செய்ய முன்வருவதற்கு. "என்னை மன்னித்துவிடு" என்ற வேண்டுகோளுக்குக் கடைசி இடம். நடுவர் அவர்களே, எதிரணி இவ்வளவு நேரம் தூக்கிப்பிடித்தது அந்தக் கடைசி இடத்தைத்தான்!

சரி, எப்படிச் சீர்செய்வது? எவ்வளவு வாங்கினான், எப்போது வாங்கினான், என்ன பொய் சொன்னான், மூன்றையும் அக்காவிடம் நேரில் சொல்ல வேண்டும். "வாங்கினேன், ஆனா அப்போ வேலையில ரொம்பத் தொல்லை" என்று இழுத்தால் போச்சு. அந்த 'ஆனா'வுக்குப் பின் வருவது எதுவும் அக்கா காதில் ஏறாது. அடுத்து, மாதம் 250 வெள்ளி வீதம் 32 மாதம். கையில் கொடுக்கக் கூடாது, மூன்றாம் மாதமே ஒரு காரணம் முளைக்கும். சம்பளம் கணக்கில் வந்த மறுநாள் வங்கியிலிருந்து தானாகப் போக ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரே நாளில் அடைத்து நல்லவனாகிவிட ஆசைப்பட்டு ஆ லோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரரிடம், போனால், அக்கா வீட்டுக் கதவிலும் சாயம் ஊற்றுவார்கள்.

சூதாட்டக்கூட வாசலையும் அடைக்க வேண்டும். 2019 முதல் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஒரு நாள் நுழைவுக்கட்டணம் 150 வெள்ளி. அது இவனைத் தடுக்கவில்லை. சூதாட்டக்கூடத்துக்குள் நுழையாதபடி தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் விண்ணப்பம் ஒன்று இருக்கிறது. கொடுத்துவிட்டால், ஓராண்டுக்குப் பிறகுதான் அதை நீக்கும்படி கேட்கவே முடியும்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், அது அவருடைய ஒரே குற்றமாகவும் கடுங்குற்றப் பட்டியலில் இல்லாததாகவும் இருந்தால், ஐந்தாண்டு குற்றமின்றி வாழ்ந்தபின் அந்தக் குற்றப் பதிவு காலாவதியாகிவிடும். யாராவது மன்னித்தார்களா என்று சட்டம் கேட்பதில்லை. இந்த ஐந்தாண்டு எப்படி வாழ்ந்தாய் என்றுதான் பார்க்கிறது.

அக்கா கடைசிவரை மன்னிக்காமல் இருக்கலாம். அது அவர் உரிமை. 20-ஆம் மாதமே அவர் காலமாகிவிட்டால்? மீதி 3,000 வெள்ளியை எங்கள் தம்பி அக்கா பிள்ளைகளிடம் சேர்ப்பான். உங்கள் தம்பி மன்னிப்பை யாரிடம் போய் வாங்குவான்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.