ஜப்பானுக்கே போகாத 'கடலின் தாய்': சின்னப்பாலம் கரையிலிருந்து ஒரு வ்லாக்

வணக்கம் மக்களே. பாம்பன் தீவில் சின்னப்பாலம் கரையில் நின்று பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, குரல் கொஞ்சம் ஏறி இறங்கும். இருபதாம் நூற்றாண்டுப் பெண்களைப் பற்றிப் பேசுங்கள் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, கேப்டன் லட்சுமி, மேரி கியூரி இவர்களைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் இன்று எடுத்திருப்பது கேத்லீன் ட்ரூ-பேக்கர். இங்கிலாந்துக்காரர், கடல்பாசியை ஆராய்ந்தவர். ராமநாதபுரம் கரையில் பாசியால் அடுப்பெரிகிற ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அவரிடம் போகும் முன்னால் இதைப் பாருங்கள். கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். பாசி எடுக்கிற ஒரு அக்காவின் சாமான் இது. "என்னைய எடுக்க வேணாம், சாமானை வேணா எடுத்துக்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இது கண்ணாடி. இது இடுப்பில் கட்டுகிற வலைப்பை. இந்தத் துணிக் கிழிசல்கள் விரலில் சுற்றிக்கொள்ள. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், கைவைத்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழிந்துவிடும், அதற்குத்தான் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிச் சுற்று. இது தட்டு. ஓரத்தைப் பாருங்கள், துளை போட்டு ரப்பர் பட்டை கோத்திருக்கிறார்கள். பாதத்தில் மாட்டிக்கொண்டு நீந்தினால் துடுப்பு. கடையில் வாங்கியது என்று பார்த்தால் கண்ணாடி ஒன்றுதான். மூச்சை அடக்கி முங்கி, மேலே வந்து, திரும்ப முங்கி, மணிக்கணக்காக இதே வேலை.

எடுப்பது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. முதல் இரண்டும் அகர் என்கிற கூழ் காய்ச்ச மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகும். நோன்பு நேரத்தில் கீழக்கரை வீடுகளில் கிண்ணத்தில் வரும் கடல்பாசி இருக்கிறதே, அது இந்த அகர்தான். மருத்துவமனை லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கவும் இதே அகர்தான் வேண்டும்.

சரி, ஜப்பானுக்கு வருவோம். அங்கே நோரி என்று ஒரு பாசி. காய வைத்துக் காகிதம் போல ஆக்கிச் சோற்றைச் சுற்றிச் சாப்பிடுவார்கள். போர்பைரா என்கிற இனம். பல நூறு வருஷமாகக் கடலோரத்தில் கம்பு நட்டு, பிறகு வலை கட்டி வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்று சொல்கிறேனே தவிர, விதை எங்கிருந்து வருகிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. குளிர்காலத்தில் தழைக்கும், வெயில் காலம் வந்தால் மொத்தமாக மறைந்துவிடும். அடுத்த குளிருக்குத் தானாக வந்து வலையில் ஒட்டினால் அந்த வருஷம் பிழைப்பு உண்டு, ஒட்டாவிட்டால் கடன். உலகப் போர் முடிந்த கையோடு புயல்களும் சேர்ந்துகொள்ள, நோரி விளைச்சல் படுத்துவிட்டது. ஏற்கனவே சோற்றுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த நாடு. எதை நட்டால் இது முளைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

பதில் மான்செஸ்டரில், ஒரு கிளிஞ்சலில் இருந்தது.

கேத்லீன் 1901ல் லங்காஷயரில் பிறந்தவர். 1922ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முதல் வகுப்பில் தேறி, அங்கேயே ஆசிரியராகச் சேர்ந்தார். உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் போனார், பாசி சேகரிக்க ஹவாய் வரைக்கும் போய் வந்தார். 1928ல் கூட வேலை பார்த்த ஹென்றி ரைட்-பேக்கரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதோடு சம்பள வேலை போனது. திருமணமான பெண்ணை ஆசிரியராக வைத்துக்கொள்வதில்லை என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. கணவருக்கு வேலை அப்படியே இருந்தது.

அப்புறம் அவர் செய்ததைக் கேளுங்கள். லேபை விட்டுப் போகவில்லை. ஆராய்ச்சியாளர் என்ற பெயர் மட்டும் இருந்தது, பெரும்பாலும் சம்பளம் இல்லை. இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். 1939ல் டி.எஸ்ஸி. என்கிற அறிவியல் முனைவர் பட்டம் வாங்கினார். கடலில் நீர் ஏறி வற்றுவது போலவே லேபில் நடக்க வேண்டும் என்று ஒரு தொட்டி தேவைப்பட்டது, அதைச் செய்து கொடுத்தவர் கணவர்.

போர்பைராவின் வித்துகளை எடுத்து அவர் முளைக்க வைத்துப் பார்த்தார். கடல்நீர்த் தட்டில் கிளிஞ்சலைப் போட்டு வைத்தபோது, வித்து அந்தக் கிளிஞ்சலைத் துளைத்து உள்ளே போனது. கொஞ்ச நாளில் ஓட்டின் மேல் வெளிர்சிவப்பாக ஒரு கறை படர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் அது முழுக்க மெல்லிய இழை. அந்த இழையை அறிவியல் உலகம் முன்பே பார்த்திருந்தது. கான்கோசெலிஸ் என்று பெயர் வைத்து, வேறு ஒரு பாசி என்று தனியாகப் பதிவும் செய்திருந்தது. கேத்லீன் கண்டது, அது வேறு பாசியே இல்லை, போர்பைராவேதான் என்பதை. வெயில் காலத்தில் மறைகிறதே, அது சாகவில்லை. ஓட்டுக்குள்ளே இந்த வடிவத்தில் இருந்துவிட்டு, நீர் குளிர்ந்ததும் வித்தை வெளியே விடுகிறது. 1949ல் 'நேச்சர்' அறிவியல் இதழில் சின்னதாக ஒரு கட்டுரையாக இதை எழுதினார்.

ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தில் செகாவா என்ற பாசியியல் அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். அங்கே உள்ளவர்கள் அவர்கள் ஊர் நோரியிலும் இதே கதைதான் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் வேகம். சிப்பி ஓடுகளைத் தொட்டியில் போட்டு அதில் இழையை வளர்ப்பது, இலையுதிர் காலத்தில் அது வித்து விடும்போது வலையை நனைத்துக் கடலில் கட்டுவது. அதிர்ஷ்டத்தை நம்பியிருந்த தொழில் விவசாயமாக மாறியது. இன்றைக்கு உலகம் முழுக்க சூஷி சுற்றுகிற நோரிக்கு அடிப்படை இதுதான்.

1957ல், 55 வயதில் கேத்லீன் இறந்துபோனார். ஜப்பானை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அந்தக் கண்டுபிடிப்புக்காக ஒரு காசும் வாங்கியதில்லை. 1963ல் நோரி வளர்ப்பவர்கள் சேர்ந்து, குமமோட்டோ மாவட்டத்தில் ஊதோ என்ற ஊரில், அரியாகே கடலைப் பார்த்தாற்போல் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அங்கே அவர் பெயர் கடலின் தாய். வருஷா வருஷம் ஏப்ரல் 14 அன்று கூடி மரியாதை செலுத்துகிறார்கள். நமக்கு அது சித்திரை முதல் நாள். மறுநாள் இந்தக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகள் கரையில்தான்.

அந்தக் கல்யாண விதி எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அது மான்செஸ்டரோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1946 வரைக்கும், வெளியுறவுப் பணியில் 1973 வரைக்கும் இருந்தது. நம் ஊரில் மட்டும் என்ன? கேத்லீன் கட்டுரை வந்த அதே 1949ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி.முத்தம்மா. குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். அன்னா மாணியையும் சொல்லிவிடுகிறேன். சர் சி.வி.ராமனின் லேபில் வைரத்தை ஆராய்ந்து, 1945ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டைக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. இல்லை என்று பி.எச்டி. தர மறுத்துவிட்டார்கள். வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அளவுக் கருவிகளை இங்கேயே செய்ய வைத்தார் அவர். பாம்பனில் புயல் கூண்டு ஏறும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

திரும்பவும் பாசிக்கு வருகிறேன். அதோ தண்ணீரில் மூங்கில் மிதவைகள் தெரிகிறதா? அதில் வளர்வது கப்பாஃபைகஸ். வெளிநாட்டு இனம், மண்டபத்தில் ஆய்வு செய்து பழக்கினார்கள். பாசியைத் துண்டாக்கிக் கயிற்றில் கட்டி விடுவார்கள், 45 நாளில் அறுவடை. அதில் ஒரு பங்கைத் திரும்ப விதையாகக் கட்டுவார்கள். கேத்லீன் கண்டுபிடித்த வழி இதற்குத் தேவைப்படவில்லை. ஆனால் 2013, 2014 வாக்கில் கடல் சூடேறி இந்தப் பாசி பெருமளவு அழிந்தபோது, விதைக்குத் துண்டு இல்லாமல் எத்தனை குடும்பம் நின்றது! ஜப்பான்காரன் 1948ல் நின்ற அதே இடம். மறுபடி விதை எங்கிருந்து வரும் என்ற கேள்வி எல்லாப் பாசிக்காரருக்கும் ஒன்றுதான்.

நம் பாரில் தானாக விளைகிற மரிக்கொழுந்து எப்போது தழைக்கும், எப்போது மறையும், பிய்க்கும்போது எவ்வளவு அடியில் விட்டால் திரும்பத் துளிர்க்கும் என்பதெல்லாம் இங்கே உள்ள பெண்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆன 1986க்கு முன்பே முங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதத்தில் அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் மட்டும் எடுப்பது என்று அவர்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். ஆனால் அவர்கள் கண்ணால் கண்டதை அவர்கள் பெயரோடு எழுதி வைத்த ஒரு நோட்டுகூட நான் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் கடலடியைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதாமல் விடுவது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பாம்பன், மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டிப் பக்கத்தில் உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ பாசி எடுத்தவர் என்றால், இன்று ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாரில், எந்த மாதத்தில், எந்தப் பாசி, முன்னே எவ்வளவு, இப்போது எவ்வளவு. அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள். அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும் பெயரைப் போடுங்கள். வருகிறதை எல்லாம் மாதவாரியாகத் தொகுத்து, மண்டபத்தில் பாசி ஆராய்கிறவர்களிடம் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.