பரிசு வாங்க வராத கதாசிரியர்

நண்பர்களே, 1957ஆம் ஆண்டு ஆஸ்கர் விழா. சிறந்த மூலக்கதைக்கான பரிசு 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு. ராபர்ட் ரிச் என்று பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஆள் வரவில்லை. எழுத்தாளர் சங்கத்தின் சார்பில் ஜெஸ்ஸி லாஸ்கி ஜூனியர் மேடையேறி, ரிச்சின் மனைவிக்குப் பிரசவ நேரம் என்று சொல்லிப் பரிசை வாங்கிக்கொண்டார். அப்புறம் தேடிப் பார்த்தால், அப்படி ஒரு கதாசிரியரே கிடையாது!

எழுதியவர் டால்டன் டிரம்போ. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வருடக்கணக்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டே எழுதிப் பழகியவர். 1940களில் எம்.ஜி.எம். ஸ்டுடியோ அவருக்கு ஒரு திரைக்கதைக்கு 75,000 டாலர் கொடுத்தது. 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு, "நீங்கள் கம்யூனிஸ்டா?" என்று கேட்டது. அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. அவரையும் சேர்த்துப் பத்துப் பேர் அப்படி மறுத்தார்கள். அடுத்த மாதமே ஸ்டுடியோ முதலாளிகள் கூடி, இவர்களுக்கு இனி வேலை இல்லை என்று அறிவித்தார்கள். இதுதான் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியல். பதில் சொல்ல மறுத்த குற்றத்துக்காக டிரம்போவுக்கு 1950இல் கென்டக்கியில் சிறைவாசம். பிறகு மெக்சிகோ.

சரி, வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வது? பினாமிதான். 'கன் கிரேசி' படத்துக்குக் கிடைத்தது வெறும் 3,750 டாலர். 'ரோமன் ஹாலிடே' கதையை நண்பர் இயான் மெக்லெல்லன் ஹன்டர் தன் பெயரில் கொடுத்தார். அதற்கும் ஆஸ்கர் கிடைத்தது, ஹன்டர் பெயரில். பிற்பாடு அந்த ஹன்டரும் கறுப்புப் பட்டியலில் சேர்ந்தார் என்பது தனிக் கூத்து.

டிரம்போ குளியல் தொட்டியில் உட்கார்ந்து, குறுக்கே பலகை போட்டு எழுதுவார். அந்த வருடங்களில் எழுதியதெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். அவசரத்துக்குப் பண்ணிய சமையலும் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது அவருடைய குறும்பு. ராபர்ட் ரிச் நீங்கள்தானா என்று நிருபர்கள் கேட்டபோது ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எந்தப் படம் அவருடையதோ என்று ஊரே சந்தேகப்படட்டும் என்று விட்டுவிட்டார். 1959இல்தான் ஒப்புக்கொண்டார்.

மறுவருடம் 'ஸ்பார்டகஸ்', 'எக்ஸோடஸ்' இரண்டின் டைட்டில் கார்டிலும் அவர் பெயர் வந்தது. 'தி பிரேவ் ஒன்' சிலை 1975இல் கைக்கு வந்தது. அடுத்த வருடம் இறந்தார். 'ரோமன் ஹாலிடே' பரிசை 1993இல் அவர் மனைவி கிளியோ வாங்கிக்கொண்டார்.