இடைநிலை உயிர் எங்கே?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று ஆட்சேபங்களை வைத்தார். பரிணாமம் சோதிக்க முடியாத ஊகம் என்றார். இடைநிலைப் புதைபடிவங்கள் இல்லை என்றார். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன என்றார். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். இன்றைய குரங்கு எதுவும் நம் மூதாதை அல்ல. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதே அறிவியலின் கூற்று. சித்தப்பா பிள்ளைகள் உயிரோடிருப்பதால் நமக்குத் தாத்தாவே இருந்ததில்லை என்று யாராவது சொல்வார்களா?

மற்ற இரண்டு ஆட்சேபங்களுக்கும் டிக்டாலிக் என்ற ஒரே புதைபடிவ உயிர் பதில் தருகிறது. சுமார் 38.5 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் மீன்களும், 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால் விலங்குகளும் கிடைத்திருந்தன. பரிணாமம் உண்மையானால் இரண்டுக்கும் நடுவிலான காலத்துப் பாறையில் இரண்டின் இயல்பும் கலந்த உயிர் இருக்க வேண்டும் என்று கணித்த புதைபடிவ ஆய்வாளர்கள் நீல் ஷூபினும் டெட் டாஷ்லரும், அத்தகைய பழைய ஆற்றுப்படிவுகள் வெளியே தெரியும் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் பல கோடைகள் தேடி, 2004-இல் அதைக் கண்டெடுத்தார்கள். செதிலும் துடுப்பும் மீனுக்குரியவை. தட்டையான தலையும், மேல்நோக்கிய கண்களும், தனித்துத் திரும்பும் கழுத்தும் மீனுக்குரியவை அல்ல. அந்தத் துடுப்பைப் பிளந்து பார்த்தால் மேற்கை எலும்பும், முன்கை எலும்புகளும், மணிக்கட்டை ஒத்த எலும்புகளும் வரிசையாக இருக்கின்றன.

போலந்தில் இதைவிடப் பழைய, நான்கு கால் விலங்குகளுடையவை எனப்படும் காலடித் தடங்கள் 2010-இல் அறிவிக்கப்பட்டனவே என்று எதிரணியினர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். அவற்றால் காலக்கணக்கு முன்பின் ஆகலாம். டிக்டாலிக் நம் நேர்ப் பாட்டன் என்று நான் வாதிடவில்லை. இருக்கவே முடியாது என்று மறுக்கப்பட்ட இடைநிலை உடலமைப்பு இருந்தது என்கிறேன்.

நடுவர் அவர்களே, நம் உடலுக்குள்ளேயே இன்னொரு சோதனை இருக்கிறது. உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 24 இணை, நமக்கு 23. மூதாதை பொது என்றால் ஓர் இணை எங்கே போயிற்று? நமது இரண்டாம் குரோமோசோமின் இரு பகுதிகளும் சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களோடு பொருந்துகின்றன. குரோமோசோம்களின் முனைகளுக்குரிய டிலோமியர் என்ற டி.என்.ஏ. வரிசை அதன் உட்பகுதியில், இரு முனைகள் ஒட்டிக்கொண்ட நிலையில் இருப்பதை 1991-இல் கண்டறிந்தார்கள். வழக்கமாக ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கும் இடுப்புப் போன்ற பகுதி சென்ட்ரோமியர்; செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின் எச்சமும் அதில் உண்டு. மனிதன் தனியாகப் படைக்கப்பட்டிருந்தால் இந்த ஒட்டு எப்படி வந்தது என்பதை எதிரணியினர் தங்கள் முறை வரும்போது இந்த அவைக்கு விளக்க வேண்டும்.